தாத்தாவின் காமன் கூத்துக் கொப்பியை இணையப் பக்கமாக்க வேண்டும்: எங்கே தொடங்குவது?

கொழுந்துக்கூடை · சனி, இரவு 8.50

வணக்கம். நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. உயர்தரம் கலைப்பிரிவில் எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருக்கிறேன்.

எங்கள் தாத்தா கூத்து வாத்தியார். சிவன் மன்மதனை எரித்ததையும் ரதி புலம்புவதையும் எங்கள் தோட்டங்களில் ஆடிப் பாடுவதுதான் காமன் கூத்து. மாசி மாதம் மூன்றாம் பிறைக்குக் கம்பம் ஊன்றினால் காமன் எரியும் இரவு வரைக்கும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. பாட்டு முழுக்க தாத்தாவின் நெஞ்சில் இருக்கிறது. மிச்சம் ஒரு சிஆர் கொப்பியில் இருக்கிறது. அவருக்கு இப்போது 78 வயது. போன மாசி பாடும்போது இரண்டு இடத்தில் நின்றுவிட்டார். கொப்பியைப் பார்த்து நாங்கள்தான் எடுத்துக் கொடுத்தோம். அந்தக் கொப்பியும் கூரை ஒழுக்கில் நனைந்து மை ஊறிப்போய் இருக்கிறது.

சித்தப்பா சில வருடங்களுக்கு முன்பு டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்து பாதிக் கொப்பியை டைப் பண்ணி வேர்ட் பைலாக வைத்திருக்கிறார். அதை இணையத்தில் ஒரு பக்கமாகப் போட்டால் கொழும்பில் கடைகளில் நிற்கிற எங்கள் பொடியன்களும் கட்டாரில் இருக்கிற அத்தையும் போனிலேயே பார்த்துப் பாடலாம் என்று ஆசை.

சித்தப்பா தந்த பழைய லேப்டொப் இருக்கிறது, விண்டோஸ் 7. டேட்டா அம்மாவின் போனிலிருந்து. பள்ளியில் ஐசிடி என்ற கணினிப் பாடம் படிக்கக் கிடைக்கவில்லை. டவுனில் ஒரு வகுப்பில் கேட்டேன், மூன்று மாதத்துக்கு 25,000 ரூபா என்றார்கள். அம்மா கொழுந்து பறித்துக் கொண்டுவருகிற காசில் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. காசு கட்டாமல் இதைக் கற்க வழி இருக்கிறதா?

---

ஊவா மழை · சனி, இரவு 9.15

தங்கச்சி, நல்ல வேலை. ஆனால் சுற்றிவளைக்க வேண்டாம். கூகுளின் பிளொகர் தளத்தைத் திறந்து பாட்டுகளை ஒட்டிவிட்டால் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. ஹப்புத்தளையில் நாங்கள் வாடகைக்கு விடுகிற இரண்டு அறைக்கும் அப்படித்தான் பக்கம் செய்தேன். நாலு வருடமாக ஓடுகிறது. பாட்டுத்தானே முக்கியம்?

---

பொகவந்தலாவைக்காரன் · சனி, இரவு 10.40

ஊவா மழை அண்ணே சொல்வது வேலை முடிகிற வழி, மறுக்கவில்லை. ஆனால் தங்கச்சி கேட்டது கற்க வழி. இந்த வேலைக்கு அவருக்குத் தேவையானது ஒரு வாரப் பாடம்தான். நான் கொழும்பில் இதே வேலையில் ஒன்பது வருடம் இருக்கிறேன், தொடங்கியது ஊரில் ஒரு நெனசல என்ற அரசாங்கக் கணினி நிலையத்தில் நோட்பேடில். அதனால் நம்பிச் சொல்கிறேன்.

ஒரு இணையப் பக்கம் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. கலியாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போது எது பெயர், எது முகூர்த்தம், எது மண்டபம் என்று அச்சகத்துக்காரருக்குப் பென்சிலால் குறித்துக் கொடுப்போமே, எச்டிஎம்எல் அந்தப் பென்சில் குறிதான். இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று பிரவுசருக்குக் குறித்துக் கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு குறியும் கோண அடைப்புக்குள் வரும். திறந்த குறியை, முன்னால் ஒரு சாய்கோடு போட்டு மூட வேண்டும்.

(இந்த மன்றம் கோண அடைப்பைக் கண்டால் விழுங்கிவிடும். அதனால் குறிகளின் பெயரைத் தமிழ் எழுத்தில் சொல்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

முதல் வரி டொக்டைப், இது எச்டிஎம்எல் பக்கம் என்று பிரவுசருக்குச் சொல்கிற வரி. பிறகு எச்டிஎம்எல் என்ற வெளி உறை. அதற்குள் இரண்டு காம்பரா: ஹெட், பொடி. ஹெட்டுக்குள் இருப்பது பிரவுசருக்கான தகவல், பார்ப்பவருக்குத் தெரியாது. அதில் டைட்டில் மட்டும் மேலே டெப்பில் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற எல்லாம் பொடிக்குள். பெரிய தலைப்புக்கு எச்1, ஒவ்வொரு பாட்டின் தலைப்புக்கும் எச்2, பத்திக்கு பி (பராகிராப் என்ற சொல்லின் முதல் எழுத்து). இன்றைக்கு இவ்வளவு போதும். ஒரு பாட்டை மட்டும் எடுத்துச் செய்து பாருங்கள், கொப்பி முழுவதையும் எடுக்காதீர்கள்.

1991இல் டிம் பேர்னர்ஸ்-லீ ஜெனீவாவுக்குப் பக்கத்தில் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் வைத்த முதல் பக்கத்திலும் தலைப்பு, பட்டியல், இணைப்பு அவ்வளவுதான் இருந்தது. படம் கிடையாது. அதன் பிரதி இன்றைக்கும் உங்கள் அம்மாவின் போனில் திறக்கும். 1993 ஏப்ரல் 30 அன்று சேர்ன் அந்தத் தொழினுட்பத்தை யாரும் காசில்லாமல் பாவிக்கலாம் என்று எல்லாருக்கும் விட்டுக் கொடுத்தது. அதைக் கற்க 25,000 ரூபா கட்டாயம் இல்லை.

---

லயத்து விளக்கு · ஞாயிறு, காலை 6.10

தங்கச்சி, நான் அப்படி ஒரு வகுப்புக்குக் காசு கட்டியவன். எந்த இடம் என்று சொல்லவில்லை. மூன்று மாதமும் ஒரு மென்பொருளில் பெட்டியை இழுத்து வைக்கத்தான் பழக்கினார்கள். சான்றிதழும் தந்தார்கள். வீட்டுக்கு வந்து அந்த மென்பொருள் இல்லாமல் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. எனக்கு இப்போது 41 வயது, ஹட்டனில் ஹாட்வெயார் கடையில் வேலை. மறுபடி முதலிலிருந்து தொடங்க நினைக்கிறேன். லேப்டொப் இல்லை, போன் மட்டும்தான். இந்த இழையிலேயே நானும் உங்களோடு படிக்கலாமா?

---

கொழுந்துக்கூடை · ஞாயிறு, மாலை 4.30

வாங்க அண்ணே, சேர்ந்தே படிப்போம்.

பொகவந்தலாவை அண்ணா சொன்னபடி நோட்பேடில் எழுதினேன். இண்டெக்ஸ் என்று பெயர் கொடுத்து, புள்ளி வைத்து எச்டிஎம்எல் போட்டுச் சேமித்தேன். இரண்டு தடவை தட்டித் திறந்தால் மறுபடி நோட்பேடே திறக்கிறது. பிரவுசரில் இழுத்துப் போட்டால் நான் போட்ட குறியெல்லாம் அப்படியே எழுத்தாகத் தெரிகிறது. ஒரு மணித்தியாலம் எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், பிழை ஒன்றும் தெரியவில்லை.

---

பொகவந்தலாவைக்காரன் · ஞாயிறு, மாலை 5.05

நீங்கள் எழுதியதில் பிழை இருக்காது, கோப்பின் பெயரில்தான் இருக்கும். நோட்பேட் உங்களுக்குச் சொல்லாமல் வாலில் டிஎக்ஸ்டி என்று ஒட்டியிருக்கும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துக் காட்டும். சேவ் அஸ் போய், கீழே வகை என்ற இடத்தில் ‘எல்லாக் கோப்புகளும்’ என்பதைத் தெரிந்தெடுத்துப் பெயரை முழுதாக அடியுங்கள். போல்டர் ஒப்ஷனில் கோப்பின் வாலைக் காட்டு என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இனி வராது.

---

கொழுந்துக்கூடை · ஞாயிறு, இரவு 7.20

வந்துவிட்டது அண்ணா! ‘காமன் கூத்து’ என்று பெரிதாகத் தலைப்பு வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் அந்தத் தலைப்பு நான் ஆங்கில எழுத்தில் அடித்தது. சித்தப்பாவின் வேர்ட் பைலிலிருந்து பாட்டை வெட்டி ஒட்டினால் தமிழே வரவில்லை. ‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. வேர்ட்டில் பார்த்தால் பாமினி என்று எழுத்துருப் பெயர் இருக்கிறது. கூகுளில் தேடிப் பார்த்து, பக்கத்தின் ஸ்டைலில் எழுத்துரு பாமினி என்று எழுதினேன், லேப்டொப்பில் அழகாகத் தமிழ் வந்தது. கோப்பை வட்ஸ்அப்பில் அம்மாவின் போனுக்கு அனுப்பினால் மறுபடி ஜே, கே, பி, ஓ. என்ன செய்வது?

---

பத்தனை டீச்சர் · ஞாயிறு, இரவு 9.30

இதை நான் சொல்கிறேன் மகள். எங்கள் தோட்டங்களில் கோயில் மலர், பாடசாலை மலர், சங்க அறிக்கை என்று எத்தனையோ இந்த இடத்தில்தான் தடுக்கி நிற்கின்றன.

பாமினி ஓர் எழுத்துரு மட்டும்தான். அந்தக் கோப்பின் உள்ளே தமிழ் இல்லை. உள்ளே இருப்பது நீங்கள் பார்த்த அதே ஜே, கே, பி, ஓ. ஆங்கில ‘ஜே’யின் படம் இருக்க வேண்டிய இடத்தில் ‘த’வின் படத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். பாமினி பதிந்த கணினியில் அந்தப் படம் வரும். பதியாத போனில் உள்ளது உள்ளபடி வரும். நீங்கள் ஸ்டைலில் பெயர் கொடுத்தது உங்கள் லேப்டொப்பில் பாமினி இருந்ததால் பலித்தது. அத்தையின் போனில் பலிக்காது. கூகுளில் யாரும் ‘ரதி’ என்று தேடினாலும் உங்கள் பக்கம் அகப்படாது, ஏனென்றால் அந்தச் சொல்லே பக்கத்தில் இல்லை.

யுனிகோட் வேறு. உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுக்கிற பொது முறை அது. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கென்று தனி இடம் இருக்கிறது. அதில் ‘த’ என்றால் உலகத்தில் எந்தக் கருவியிலும் ‘த’தான். ஆகவே சித்தப்பாவின் உழைப்பை வீணாக்காமல் பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றுங்கள். பொங்குதமிழ் மாற்றி என்று தேடினால் இலவசமாக இருக்கிறது. மேலே பெட்டியில் ஒட்டி பாமினியைத் தெரிந்தெடுத்தால் கீழே யுனிகோட் வரும்.

மாற்றிய பிறகு தாத்தாவை வைத்துக்கொண்டு வரி வரியாக வாசியுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். மாற்றி எழுத்தைத்தான் மாற்றும், டைப் பண்ணிய பிழையைத் திருத்தாது.

---

கொழுந்துக்கூடை · திங்கள், இரவு 8.10

டீச்சர், மாற்றினேன். நீங்கள் சொன்னது சரி. சித்தப்பா பல இடத்தில் காலுக்குப் பதிலாக ‘ர’ அடித்திருக்கிறார். பாமினியில் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோல இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது ‘காமன்’ என்பது ‘கரமன்’ என்று வருகிறது! ஒரு பாட்டில் மட்டும் பதினொரு இடம் திருத்தினேன்.

அதை நோட்பேடில் ஒட்டிச் சேமித்தேன். ஏதோ எச்சரிக்கை வந்தது, ஓகே கொடுத்துவிட்டேன். பிரவுசரில் பார்த்தால் பாட்டு முழுவதும் கேள்விக்குறி. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு ஐந்து கேள்விக்குறி. எழுத்து மூன்றுதானே, ஏன் ஐந்து?

---

பத்தனை டீச்சர் · திங்கள், இரவு 8.45

நல்ல கேள்வி கேட்டீர்கள், அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். நமக்கு த, மி, ழ் என்று மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். அந்த ஐந்தும் ஐந்து கேள்விக்குறியாகிவிட்டன.

அந்த எச்சரிக்கையே இதைத்தான் சொல்லியிருக்கும். விண்டோஸ் 7இன் நோட்பேட் வழக்கமாக ஆன்சி என்ற பழைய முறையில் சேமிக்கும். அதில் தமிழுக்கு இடமில்லை. சேவ் அஸ் பெட்டியின் அடியில் என்கோடிங் என்று இருக்கும், அங்கே யுனிகோட் எழுத்தைச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையைத் தெரிந்தெடுங்கள். (2019க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 நோட்பேட் தானாகவே யுடிஎஃப்-8இல் சேமிக்கும், அதனால் புதிய கணினி உள்ளவர்களுக்கு இது வராது.) கேள்விக்குறியாகிச் சேமித்த கோப்பை மீட்க முடியாது, மாற்றியிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். திருத்திய பதினொரு இடத்தையும் மறுபடி திருத்த வேண்டி வரும். வருத்தப்பட வேண்டாம்.

கூடவே ஹெட்டுக்குள் முதல் வேலையாக மெட்டா குறியில் சார்செட் யுடிஎஃப்-8 என்று எழுதுங்கள். கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் அது வந்துவிட வேண்டும் என்பது விதி. எச்டிஎம்எல் குறியில் லாங் என்ற பண்புக்கு டிஏ என்று கொடுங்கள், பக்கம் தமிழ் என்று பிரவுசருக்குத் தெரியும். கண் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்கிற மென்பொருளும் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலை எடுக்கும்.

---

கொழுந்துக்கூடை · திங்கள், இரவு 8.58

நோட்பேடை நான் இன்னும் மூடவில்லை டீச்சர்! அதில் தமிழ் அப்படியே இருக்கிறது. இப்போதே யுடிஎஃப்-8இல் சேமித்தேன். வந்துவிட்டது. பதினொரு திருத்தமும் தப்பியது.

---

லயத்து விளக்கு · செவ்வாய், காலை 5.55

நானும் செய்தேன். போனில் ஏகோட் என்ற செயலி இறக்கினேன், இலவசம். சேமிப்பதே யுடிஎஃப்-8, வால் மறைவதும் இல்லை. ஆனால் கோண அடைப்பும் மேற்கோள் குறியும் தட்ட விரல் நோகிறது. எனக்கு வந்த பிழை வேறு: நண்பர் வட்ஸ்அப்பில் அனுப்பிய குறிகளை ஒட்டினேன், இணைப்பு வேலை செய்யவில்லை. இரவு 11 மணி வரைக்கும் பார்த்தேன். கடைசியில் மேற்கோள் குறி வளைந்த குறியாக இருந்தது. நேர்க் குறியாக மாற்றினேன், திறந்தது. கடையில் திருகாணி மரை மாறினால் எவ்வளவு திருகினாலும் ஏறாது, அதே கதை.

---

பொகவந்தலாவைக்காரன் · செவ்வாய், காலை 7.30

அண்ணே, அந்தப் பிழையை நீங்களே கண்டுபிடித்தீர்கள். எனக்கு அதுதான் சந்தோஷம். வேலைக்கு வந்த புதிதில் அதே வளைந்த குறிக்காக நான் ஒரு நாள் முழுக்கத் தேடினேன்.

---

கொழுந்துக்கூடை · செவ்வாய், இரவு 7.45

அடுத்தது. பாட்டை வரி வரியாக எண்டர் தட்டி எழுதினேன். பிரவுசரில் எல்லா வரியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கதை மாதிரி ஓடுகிறது. தாத்தாவிடம் காட்டினேன். “இதை எங்க மூச்சு விட்டுப் பாடுறது?” என்று கேட்டார்.

---

பொகவந்தலாவைக்காரன் · செவ்வாய், இரவு 8.20

தாத்தா சரியான கேள்வி கேட்டிருக்கிறார். எச்டிஎம்எல்லுக்கு நீங்கள் தட்டிய எண்டரும் ஒன்றுதான், ஓர் இடைவெளியும் ஒன்றுதான். பத்து எண்டர் தட்டினாலும் ஒரே இடைவெளியாகச் சுருக்கிவிடும். வரி முறிய வேண்டிய இடத்தில் பிஆர் (பிரேக் என்ற சொல்லின் சுருக்கம்) என்ற குறியைப் போடுங்கள். அதற்கு மூடும் குறி கிடையாது. பத்திக்கும் பத்திக்கும் நடுவில் இடம் விடப் பலர் இதைத் தப்பாகப் போடுவார்கள். ஆனால் பாட்டு வரிக்கும் முகவரிக்கும் இதுதான் முறையான குறி. பாட்டின் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பி, பத்திக்குள் வரிக்கு வரி பிஆர்.

இனி சிஎஸ்எஸ்ஸுக்குப் போகலாம், தோற்றத்துக்கான மொழி அது. எது என்ன என்று சொல்வது எச்டிஎம்எல், எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது சிஎஸ்எஸ். ஹெட்டுக்குள் ஸ்டைல் என்ற குறிக்குள் எழுதலாம். உங்களுக்கு நாலே வரி போதும். எழுத்தின் அளவு 18 பிக்சல். வரி உயரம் 1.8: தமிழில் மேலே இகர, ஈகாரக் குறிகளும் புள்ளியும் கீழே ‘கு’, ‘ளு’வின் சுழியும் இருப்பதால் ஆங்கிலத்துக்குப் போதுமான இடம் நமக்கு நெருக்கும். அகலம் 600 பிக்சலுக்கு மேல் போகக் கூடாது. இரு பக்கமும் கொஞ்சம் உள்விளிம்பு.

புதிய எழுத்துரு இறக்க வேண்டாம். அன்ட்ரொய்ட் போனில் தமிழ் எழுத்துரு ஏற்கனவே இருக்கிறது. தமிழைச் சாய்வெழுத்தாக்கவும் வேண்டாம், பார்க்க நன்றாக இருக்காது என்பது என் அபிப்பிராயம்.

---

ஊவா மழை · செவ்வாய், இரவு 9.50

மூன்று நாளாக வாசிக்கிறேன். பிளொகரில் ஒட்டியிருந்தால் சனிக்கிழமையே முடிந்திருக்கும் என்றுதான் நேற்று வரை நினைத்தேன். ஆனால் பாமினி விஷயம் பிளொகரிலும் அப்படியே வந்திருக்கும், அப்போது என்னால் பதில் சொல்ல முடிந்திருக்காது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. சாட்ஜிபிடியிடம் கேட்டால் முழுப் பக்கத்தையும் எழுதிக் கொடுத்துவிடுமே. பிறகு இந்த விரல் நோவு எதற்கு?

---

பத்தனை டீச்சர் · செவ்வாய், இரவு 10.25

கேட்கலாம், நானும் கேட்கிறேன். ஆனால் ‘காமன்’ ‘கரமன்’ ஆனதைக் கண்டுபிடித்தது மகளின் கண். ‘எங்கே மூச்சு விடுவது’ என்று கேட்டது தாத்தா. சாட்ஜிபிடி எழுதித் தரும் பக்கத்தை வரி வரியாக வாசித்து, ஒவ்வொரு குறியும் ஏன் அங்கே இருக்கிறது என்று அதனிடமே விளக்கம் கேட்டுப் படிப்பவருக்கு நல்ல துணை. அப்படி வாசிக்க இந்த முதல் வாரத்துப் படிப்பு தேவை. என் வகுப்பில் அப்படியே பிரதி பண்ணிக் கொண்டுவரும் பிள்ளை, மூடாத ஒரு குறி வந்தவுடன் அசையாமல் உட்கார்ந்துவிடும்.

படிக்க இடம் கேட்டிருந்தீர்கள். தரம் 11 தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடநூலில் இணையத்தள உருவாக்கம் தமிழிலேயே இருக்கிறது, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் காசில்லாமல் இறக்கலாம். ஆங்கிலம் வாசிக்க முயல்வீர்கள் என்றால் டபிள்யூ3ஸ்கூல்ஸ், பிறகு எம்டிஎன் என்ற தளங்கள். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த கற்றல் தளத்தில் தொடக்கநிலை இணைய வடிவமைப்புப் பாடம் இலவசம். அதில் சேர கலைப்பிரிவு ஒரு தடையல்ல.

---

கொழுந்துக்கூடை · வியாழன், இரவு 9.05

நேற்று முழுநாளும் கரண்ட் இல்லை. இன்றைக்குக் கிட்ஹப் என்ற தளத்தில் கணக்குத் திறந்து, பக்கத்தை இணையத்தில் காட்டுகிற பேஜஸ் என்ற பகுதியை இயக்கி ஏற்றிவிட்டேன். காசு இல்லை. பாட்டு போனில் வருகிறது! ஆனால் கம்பம் ஊன்றிய படம் மட்டும் வரவில்லை. லேப்டொப்பில் அதே பக்கத்தில் படம் தெரிகிறது. சிக்னல் பிரச்சினையா? மேல் லயத்துப் பாறைவரைக்கும் ஏறிப் போய்ப் பார்த்தேன், அங்கேயும் உடைந்த படக் குறிதான்.

---

பொகவந்தலாவைக்காரன் · வியாழன், இரவு 9.20

பாறைக்கு ஏற வேண்டாம் தங்கச்சி. கோப்பின் பெயரில் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருக்கிறதா, சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். கமரா பெரும்பாலும் பெரிய எழுத்தில் வைக்கும், நாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதுவோம். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. கிட்ஹப் பக்கத்துக்கு இரண்டும் வேறு. கோப்புப் பெயரெல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை என்று இன்றே பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

---

பத்தனை டீச்சர் · வியாழன், இரவு 9.40

படத்தின் அளவையும் பாருங்கள். போனில் எடுத்தது 4 எம்பி வரை இருக்கலாம். யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். 20,000 குறி கொண்ட பாட்டுத் தொகுப்பே 60 கேபிதான். அந்த ஒரு படம் அறுபது தொகுப்புக்கு மேல் பாரம்! டேட்டா காட் போட்டுப் பார்க்கிற கொழும்புப் பொடியனுக்கு அது அவன் காசு. ஸ்குவூஷ் என்ற தளத்தில் போட்டு அகலம் 800 பிக்சல், எடை 100 கேபி அளவுக்குக் குறையுங்கள். ஆல்ட் என்ற பண்பில் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள், படம் வராத இடத்தில் அந்த வரி வரும்.

போனில் எழுத்து எறும்பு போலத் தெரிகிறதா? அப்படியென்றால் மெட்டா வியூபோர்ட் வரி விடுபட்டிருக்கும். அது இல்லாவிட்டால் போன் தன்னை ஏறக்குறைய 980 பிக்சல் அகலக் கணினி என்று எண்ணிப் பக்கத்தைச் சுருக்கிக் காட்டும்.

படத்தில் பிள்ளைகளின் முகம் இருந்தால் வீட்டாரிடம் கேட்டுப் போடுங்கள். பக்கத்தில் யாருடைய போன் இலக்கமும் வேண்டாம்.

---

லயத்து விளக்கு · வெள்ளி, காலை 6.05

பக்கம் பார்த்தேன் தங்கச்சி. என் போனில் உடனே திறந்தது. எங்கள் தோட்டத்தில் கூத்து நின்று பல வருடம். இரண்டாவது பாட்டை எங்கள் அப்பா வேறு மாதிரிப் பாடுவார். வாசித்துக்கொண்டே பஸ்ஸைக் கோட்டை விட்டேன், அடுத்த பஸ்ஸில்தான் கடைக்குப் போனேன். அப்பாவின் வரியை நான் எழுதிக்கொண்டு வந்தால் சேர்ப்பீர்களா? என் பக்கத்தில் நானே போட்டு இணைப்புக் கொடுக்கவும் இப்போது எனக்குத் தெரியும்.

---

கொழுந்துக்கூடை · சனி, இரவு 7.30

அண்ணே, உங்கள் பக்கத்திலேயே போடுங்கள், நான் இங்கிருந்து இணைப்புக் கொடுக்கிறேன். இரண்டு தோட்டத்துப் பாட்டும் இரண்டு விதமாகவே இருக்கட்டும்.

ஜேபிஜி பெரிய எழுத்துத்தான் அண்ணா. மாற்றினேன், படம் வந்துவிட்டது. வியூபோர்ட் வரியும் போட்டேன் டீச்சர்.

இன்றைக்குத் தாத்தாவிடம் போனைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் மெதுவாகத் தள்ளித் தள்ளி வாசித்தார். பிறகு வாசிப்பதை விட்டுவிட்டுப் பாடத் தொடங்கினார். பிஆர் போட்ட இடத்திலெல்லாம் சரியாக மூச்சு விட்டார். ஓர் இடத்தில் நிறுத்தி, “இங்க ரெண்டு வரி விட்டுட்டான் உன் சித்தப்பன்” என்றார். கொப்பியில் அந்த இடம் ஈரத்தில் அழிந்திருந்தது. சித்தப்பா தாண்டிப் போயிருக்கிறார். தாத்தா சொல்லச் சொல்ல அந்த இரண்டு வரியையும் அடித்து, ஏற்றி, சில நிமிடத்தில் அதே போனில் காட்டினேன். அவர் நம்பவில்லை. அத்தைக்கு அழைத்து, “உனக்கும் தெரியுதா?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, “ரதி புலம்பல் எங்க?” என்றார். அது டைப் பண்ணாத பாதியில் இருக்கிறது. நாளை தொடங்குகிறேன்.

ஒரு கேள்வி. தாத்தா பாடுவதையும் தப்பு என்ற பறையை அடிப்பதையும் கேட்கிற மாதிரி வைக்கலாமா? டேட்டா அதிகம் தின்னுமா?

---

பொகவந்தலாவைக்காரன் · சனி, இரவு 8.00

வைக்கலாம். ஓடியோ என்ற குறி இருக்கிறது, கண்ட்ரோல்ஸ் என்று சேர்த்தால் ஓட்டும் பொத்தான் வரும். பிரிலோட் என்ற பண்புக்கு நன் (‘எதுவும் இல்லை’ என்ற ஆங்கிலச் சொல்) என்று கொடுங்கள், அழுத்துகிறவருக்கு மட்டும்தான் இறங்கும், மற்றவர்களின் டேட்டா செலவாகாது. எம்பி3யாக மாற்றிப் போடுங்கள். கிட்ஹப் பக்கத்துக்கு 1 ஜிபி வரை இடம் உண்டு, இந்தக் கொப்பிக்குத் தாராளம்.

---

பத்தனை டீச்சர் · சனி, இரவு 8.35

கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள், அழிந்த பக்கங்களையும் விடாமல். இலவச இடம் என்றைக்கும் இருக்கும் என்று நம்ப முடியாது. நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005 முதல் நம் ஆவணங்களைச் சேர்த்து வருகிறது, தாத்தா சம்மதித்தால் அவர்களிடமும் ஒரு பிரதி போகட்டும். பக்கத்தின் மேலே தாத்தாவின் பெயரையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரின் பெயரையும் எழுதிவிட்டீர்களா?

---

கொழுந்துக்கூடை · ஞாயிறு, இரவு 9.10

தாத்தாவின் பெயர் போட்டிருந்தேன் டீச்சர். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று இன்றைக்குத்தான் கேட்டேன். அவருடைய பெரியப்பாவாம், எங்கள் யாருக்கும் இது தெரியாது. எச்1க்குக் கீழே பி போட்டு எழுதிவிட்டேன்.

இரண்டு பாட்டைப் பதிவு பண்ணினோம். மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் தாத்தாவின் குரலே கேட்கவில்லை. மழை விட்டதும் நாளைக்கு மறுபடி எடுக்கிறோம்.